இயங்க மறுக்கும் இயந்திரம்

சாலையோரத்தில் ஒரு மகிழுந்து கிளம்ப மறுத்தால் அதன் உரிமையாளருக்கு நேரம் வீணாகும், எரிச்சலும் வரும். பழுதுபார்ப்பவரை அழைத்தால் சிக்கல் தீர்ந்துவிடும். ஒரு சிறிய விமானத்தின் நிலை அவ்வாறன்று. தரையில் நான்கைந்து முறை முயன்ற பிறகு எப்படியோ இயங்கத் தொடங்கிய இயந்திரம், அதே குறையோடு ஆயிரம் மீட்டர் உயரத்துக்கும் செல்லும். அங்கே ஓரமாக நிறுத்திவிட்டு இறங்கிப் பார்க்க வழியில்லை. ஆகவேதான், கிளம்பச் சிரமப்படும் இயந்திரத்தை விமானத் துறையினர் ஒரு தொல்லையாகக் கருதாமல் ஓர் எச்சரிக்கையாகக் கருதுகின்றனர். அந்த எச்சரிக்கை எதைக் குறிக்கிறது என்று கண்டறிவது ஊகத்தால் ஆகும் வேலையன்று. அதற்கு ஒழுங்கான சிந்தனை தேவைப்படுகிறது.

உலகெங்கும் பயிற்சிப் பள்ளிகளில் பெருமளவில் பயன்படும் சிறிய விமானம் செஸ்னா 172 ஆகும். 1956ஆம் ஆண்டு விற்பனைக்கு வந்த இவ்வகை விமானங்களில் இதுவரை நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்டவை தயாரிக்கப்பட்டுள்ளன. 1968 முதல் பல ஆண்டுகள் இவற்றில் லைகமிங் நிறுவனத்தின் ஓ-320 வகை இயந்திரம் பொருத்தப்பட்டது. இதில் நான்கு சிலிண்டர்கள் உள்ளன. இரண்டு இடப்பக்கமும் இரண்டு வலப்பக்கமும் கிடைமட்டமாகப் படுத்திருக்கும். இயந்திரத்தைக் குளிர்விக்கத் தண்ணீர் இல்லை; முன்னாலிருந்து வீசும் காற்றே அதன் வெப்பத்தைத் தணிக்கிறது. இந்த எளிய இயந்திரத்தைப் புரிந்துகொண்டால், அது ஏன் சில வேளைகளில் இயங்க மறுக்கிறது என்பதையும் புரிந்துகொள்ளலாம்.

நான்கு தேவைகள்

பெட்ரோல் இயந்திரம் எதுவாயினும் அது இயங்கத் தொடங்க நான்கு தேவைகள் நிறைவேற வேண்டும். முதலாவது, போதிய வேகத்தில் சுழற்சி. மின்கலத்திலிருந்து ஆற்றல் பெறும் ஸ்டார்ட்டர் மோட்டார் இயந்திரத்தைச் சுழற்றித் தொடக்கி வைக்கிறது. இரண்டாவது, சரியான அளவில் கலந்த எரிபொருளும் காற்றும். மூன்றாவது, அந்தக் கலவையைச் சிலிண்டருக்குள் இறுக்கி அழுத்தும் ஆற்றல். நான்காவது, சரியான நேரத்தில் வலுவான தீப்பொறி. இந்த நான்கில் ஒன்று குறைந்தாலும் இயந்திரம் சிரமப்படும். ஒன்று முற்றிலும் இல்லாவிட்டால் அது இயங்காது.

இந்தப் பட்டியல் சிறியதாகத் தோன்றலாம். ஆனால், குறை காண்பவருக்கு இதுவே வரைபடம். எத்தனை விதமான பழுதுகள் இருந்தாலும் அவை அனைத்தும் இந்த நான்கு தலைப்புகளுக்குள் அடங்கிவிடும். ஆகவே, 'எந்தப் பாகம் கெட்டிருக்கும்?' என்று தொடங்காமல், 'நான்கில் எது குறைகிறது?' என்று தொடங்குவதே அறிவுடைமை. நோயின் காரணத்தை அறிந்த பிறகே அதைத் தணிக்கும் வழியை நாட வேண்டும் என்று திருவள்ளுவர் மருத்துவருக்குச் சொன்ன அறிவுரை இயந்திரத்துக்கும் பொருந்தும்.

மேக்னெட்டோ என்னும் காந்த மின்னாக்கி

மகிழுந்தில் தீப்பொறிக்குத் தேவையான மின்சாரத்தை மின்கலமும் மின்னாக்கியும் தருகின்றன. பெரும்பாலான சிறிய விமானங்களிலோ அந்த வேலையை மேக்னெட்டோ என்னும் கருவி செய்கிறது. அதனுள் ஒரு காந்தம் சுழல்கிறது. அது கம்பிச் சுருளில் உயர் மின்னழுத்தத்தை உண்டாக்கித் தீப்பொறிச் செருகிகளுக்கு அனுப்புகிறது. காந்தத்தைச் சுழற்றுவது இயந்திரமே. எனவே, பறக்கும்போது மின்கலம் முழுவதும் செயலிழந்தாலும் தீப்பொறி நிற்காது. இயந்திரம் ஓடிக்கொண்டே இருக்கும்.

பாதுகாப்புக்காக ஓர் இயந்திரத்தில் இரண்டு மேக்னெட்டோக்கள் இருக்கும். ஒவ்வொரு சிலிண்டரிலும் இரண்டு தீப்பொறிச் செருகிகள் இருக்கும். ஒரு செருகி இட மேக்னெட்டோவோடும் மற்றொன்று வல மேக்னெட்டோவோடும் இணைக்கப்பட்டிருக்கும். நான்கு சிலிண்டர்களுக்கு மொத்தம் எட்டுச் செருகிகள். நிமிடத்துக்கு 2,400 முறை சுழலும் இயந்திரத்தில் ஒவ்வொரு செருகியும் நொடிக்கு 20 முறை பொறி எழுப்புகிறது.

இந்த அமைப்பில் ஒரு குறை உண்டு. காந்தம் வேகமாகச் சுழன்றால்தான் பொறி வலுவாக இருக்கும். ஸ்டார்ட்டர் மோட்டார் சுழற்றும் மெதுவான வேகத்தில் எழும் பொறி மிக மெலிந்தது. மேலும், ஓடும் இயந்திரத்தில் பிஸ்டன் உச்சியை அடைவதற்கு முன்பே, பொதுவாக 25 பாகை முன்பாகவே, பொறி எழும்படி அமைத்திருப்பார்கள். இயந்திரம் மெதுவாகச் சுழலும்போதும் பொறி அவ்வளவு முன்னதாக எழுந்தால், எரியும் வாயு பிஸ்டனைப் பின்னோக்கி உதைத்துவிடும்.

இந்த இரண்டு சிக்கல்களையும் 'இம்பல்ஸ் கப்ளிங்' என்னும் சுருள்வில் இணைப்பு ஒருசேரத் தீர்க்கிறது. இயந்திரம் மெதுவாகச் சுழலும்போது அது மேக்னெட்டோவின் காந்தத்தைச் சற்றுப் பிடித்து நிறுத்துகிறது. அதற்குள் சுருள்வில் முறுக்கேறுகிறது. பிஸ்டன் உச்சியை நெருங்கும் தருணத்தில் பிடி விடுபட, காந்தம் விசையோடு சுழன்று வலுவான பொறியைத் தாமதமாக எழுப்புகிறது. அப்போது 'டிக்' என்னும் ஒலி தெளிவாகக் கேட்கும். இயந்திரம் ஓடத் தொடங்கியதும் அதிலுள்ள சிறு எடைகள் சுழற்சியின் விசையால் வெளிப்புறம் விலகிவிடும். அதன்பின் இந்த இணைப்பு குறுக்கிடாது. பழைய செஸ்னா 172 விமானங்கள் பலவற்றில் இட மேக்னெட்டோவில் மட்டுமே இந்த இணைப்பு உண்டு. குறை காண்பவர் இதை நினைவில் வைத்திருக்க வேண்டும்.

முதலில் பாதுகாப்பு

ஆய்வைத் தொடங்குவதற்கு முன் ஓர் உண்மையை அறிந்துகொள்வது அவசியம். மேக்னெட்டோவுக்கு வெளியிலிருந்து மின்சாரம் தேவையில்லை. சாவியை அணைத்த நிலைக்குத் திருப்பினால் மின்சாரம் துண்டிக்கப்படுவதில்லை. மாறாக, மேக்னெட்டோவிலிருந்து வரும் ஒரு மெல்லிய கம்பி விமானத்தின் உலோக உடலோடு இணைக்கப்பட்டு, பொறி எழாமல் தடுக்கப்படுகிறது. அந்தக் கம்பி அறுந்துவிட்டால், சாவி அணைத்த நிலையில் இருந்தாலும் மேக்னெட்டோ உயிரோடுதான் இருக்கும். சிலிண்டரில் சிறிது எரிபொருள் மிஞ்சியிருக்கும் நேரத்தில் ஒருவர் உந்துவிசிறியைக் கையால் சற்றுத் திருப்பினாலும் போதும். இயந்திரம் எதிர்பாராமல் இயங்கிவிடலாம். விசிறியின் இறக்கை தாக்கினால் உயிர் தப்புவது அரிது.

அதனால், நிற்கும் விமானத்தின் விசிறியையும் ஓடும் விசிறியாகவே கருத வேண்டும் என்பது விமானக் கொட்டகைகளில் மாறாத விதி. சக்கரங்களுக்குத் தடைக்கட்டை வைக்க வேண்டும். சாவியை அணைத்து வெளியே எடுக்க வேண்டும். எரிபொருள் கலவையைக் கட்டுப்படுத்தும் குமிழை நிறுத்த நிலைக்குக் கொண்டுவர வேண்டும். விசிறி சுழலும் வட்டத்துக்குள் யாரும் நிற்கக்கூடாது. விசிறியைத் திருப்பித்தான் ஆக வேண்டும் என்றால், செருகிகளின் கம்பிகளை முதலில் கழற்ற வேண்டும். இதைப் பயிற்சி பெற்றவர் மட்டுமே செய்யலாம்.

கேள்விகளே முதல் கருவி

அனுபவம் மிக்க விமானப் பொறியாளர் திருகு சாவியைக் கையில் எடுப்பதற்கு முன் விமானியிடம் கேள்விகளைக் கேட்பார். சிக்கல் திடீரென்று வந்ததா, சிறிது சிறிதாக வளர்ந்ததா? காலையில் முதல் முறை இயக்கும்போது வருகிறதா, பறந்து திரும்பிய பின் சூடாக இருக்கும்போது வருகிறதா? விசிறி விரைவாகச் சுழல்கிறதா, திணறுகிறதா? இயந்திரம் ஒருமுறையாவது வெடித்து அடங்குகிறதா, சிறிதும் உயிர் காட்டவில்லையா? அண்மையில் ஏதேனும் பாகம் மாற்றப்பட்டதா? விமானம் மழையில் நின்றதா?

ஒவ்வொரு விடையும் சில ஐயங்களை நீக்கும். சிறிது சிறிதாக வளர்ந்த சிக்கல் தேய்மானத்தைக் காட்டுகிறது. திடீரென்று வந்த சிக்கல் ஏதோ ஒன்று முறிந்ததையோ கழன்றதையோ அடைபட்டதையோ காட்டுகிறது. பாகம் மாற்றிய மறுநாளே தோன்றிய சிக்கல், அந்த வேலையையே மறுபடி பார்க்கச் சொல்கிறது.

எளிதிலிருந்து கடினத்துக்கு

கேள்விகளுக்குப் பிறகு ஆய்வு தொடங்கும். செலவில்லாத, எளிய சோதனைகளை முதலில் செய்ய வேண்டும். இயந்திரத்தைப் பிரிக்கும் வேலை கடைசியில்தான் வரும்.

விசிறி மெதுவாகத் திணறிச் சுழன்றால் முதல் ஐயம் மின்கலத்தின்மீது எழும். 12 வோல்ட் ஈய மின்கலம் முழுமையாக ஊட்டப்பட்டு ஓய்வில் இருக்கும்போது ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்ட வேண்டும். 24 வோல்ட் மின்கலத்தில் இது இரு மடங்காகும். ஆனால், ஓய்வில் நல்ல எண்ணைக் காட்டும் மின்கலமும் சுமை ஏறும்போது சரிந்துவிடலாம். ஆகவே, ஸ்டார்ட்டர் சுழலும்போதே அளந்து பார்க்க வேண்டும். மின்கலம் நன்றாக இருந்தும் சுழற்சி மெதுவாக இருந்தால், குற்றவாளி பெரும்பாலும் கம்பி இணைப்பாக இருக்கும். தளர்ந்த முனையும், பச்சையாகவோ வெள்ளையாகவோ பூத்த துருவும் மின்னோட்டத்தைத் தடுக்கும். ஈரப்பதம் மிகுந்த மலேசியா, சிங்கப்பூர் போன்ற நாடுகளில் இத்தகைய அரிப்பு எளிதில் உண்டாகும். புதிய மின்கலம் வாங்கிப் பொருத்திய பிறகும் சிக்கல் தீரவில்லை என்றால், பலமுறை அதற்குக் காரணம் சுத்தம் செய்யாத ஓர் இணைப்பே.

ஸ்டார்ட்டர் மோட்டாரை நீண்ட நேரம் ஓடவிடுவதும் தவறு. சில நொடிகளிலேயே அது கடுமையாகச் சூடேறும். எத்தனை நொடி சுழற்றலாம், எவ்வளவு நேரம் ஆறவிட வேண்டும் என்பதை அந்தந்த விமானத்தின் கையேடு கூறும். அவசரத்தில் அதை மீறினால், ஒரு பழுது இரண்டாகிவிடும்.

அடுத்தது எரிபொருள். இறக்கையிலுள்ள தொட்டியின் அடியில் ஒரு சிறிய வடிகால் உண்டு. அதிலிருந்து சிறிதளவு எரிபொருளைத் தெளிவான குவளையில் பிடித்துப் பார்ப்பது ஒவ்வொரு நாளும் செய்ய வேண்டிய சோதனை. சிறிய விமானங்களுக்கு உரிய 100 எல்.எல். வகைப் பெட்ரோல் இளநீல நிறமுடையது. தண்ணீர் பெட்ரோலைவிடக் கனமானது. ஆகவே, குவளையின் அடியில் நிறமற்ற குமிழாகத் தங்கும். தொட்டி மூடியின் வளையம் தேய்ந்திருந்தால் மழைநீர் உள்ளே கசியும். பாதி நிரம்பிய தொட்டியில் இரவு நேரத்தில் ஈரக்காற்று குளிர்ந்தும் நீர் சேரும். நீல நிறம் இல்லாமல் மண்ணெண்ணெய் வாடை வீசினால், ஜெட் விமான எரிபொருள் கலந்திருக்கக்கூடும். அந்நிலையில் இயந்திரத்தை இயக்கவே முயலக்கூடாது.

மிகுதியும் குறைவும்

எரிபொருள் தூய்மையாக இருந்தாலும் அளவு தவறினால் இயந்திரம் இயங்காது. பழைய செஸ்னாவில் 'பிரைமர்' என்னும் சிறு கைப்பம்பு உண்டு. அது இயந்திரத்தைத் தொடக்குவதற்கு முன் சிறிதளவு பெட்ரோலைச் சிலிண்டர்களின் நுழைவாயிலில் தெளிக்கிறது. குளிர்ந்த இயந்திரத்துக்குச் சில தடவை அழுத்துவது போதும். ஏற்கெனவே சூடாக உள்ள இயந்திரத்துக்குப் பெரும்பாலும் அது தேவைப்படாது.

இயந்திரம் இயங்காதபோது மேலும் மேலும் பெட்ரோலைத் தெளிப்பது பலருக்கும் தோன்றும் எண்ணம். ஆனால், கலவையில் பெட்ரோல் அளவுக்கு மிஞ்சினால் அது தீப்பற்றாது, செருகிகளும் நனைந்துவிடும். வேகக் குமிழை விரைந்து முன்னும் பின்னும் தள்ளுவது இன்னும் ஆபத்தானது. இந்த இயந்திரத்தில் கார்புரேட்டர் அடிப்பகுதியில் உள்ளது. ஆகவே, மிஞ்சிய பெட்ரோல் கீழே சொட்டித் தேங்கும். ஒரு பின்வெடிப்பு போதும், அது தீப்பிடித்துவிடும். அவ்வாறு தீப்பற்றினால் ஸ்டார்ட்டரை நிறுத்தாமல் தொடர்ந்து சுழற்ற வேண்டும் என்று விமானிகளுக்குக் கற்பிக்கப்படுகிறது. சுழலும் இயந்திரம் நெருப்பை உள்ளே இழுத்துக்கொள்ளும் என்பதே அதற்குக் காரணம்.

பெட்ரோல் மிஞ்சிய இயந்திரத்தைத் தெளியவைக்கவும் முறை உண்டு. கலவைக் குமிழை நிறுத்த நிலையில் வைத்து எரிபொருளைத் துண்டிக்க வேண்டும். வேகக் குமிழை முழுவதும் திறந்து காற்று தாராளமாக நுழைய வழிவிட வேண்டும். அதன்பின் இயந்திரத்தைச் சுழற்றினால் மிகுதிப் பெட்ரோல் வெளியேறும். கலவை சரியான அளவை எட்டியதும் இயந்திரம் பற்றிக்கொள்ளும். உடனே வேகத்தைக் குறைத்து, கலவைக் குமிழை முன்னே தள்ள வேண்டும்.

வெயிலின் விளைவு

குளிர்நாடுகளில் தடித்துப்போன எண்ணெயே இயந்திரத்துக்குத் தடையாகிறது. அங்கே தொடக்குவதற்கு முன் இயந்திரத்தைச் சூடாக்குவார்கள். வெப்ப நாடுகளில் நிலைமை நேர்மாறானது. நண்பகலில் பறந்து வந்து இறங்கிய விமானத்தின் இயந்திரம் நின்றதும், குளிர்விக்கும் காற்றும் நின்றுவிடுகிறது. சிலிண்டர்களின் வெப்பம் மூடிக்குள் பரவுகிறது. அடுத்த சில நிமிடங்களில் இயந்திரத்தைச் சுற்றியுள்ள குழாய்கள் முன்னைவிடச் சூடாகின்றன.

கார்புரேட்டருக்குப் பதிலாக எரிபொருளைப் பீய்ச்சும் அமைப்புள்ள இயந்திரங்களில் இது பெருந்தொல்லை. மெல்லிய எரிபொருள் குழாய்கள் இயந்திரத்தின் உச்சியில் செல்வதால், அவற்றிலுள்ள பெட்ரோல் கொதித்து ஆவியாகிவிடும். பம்பு திரவத்தைத் தள்ளும் வகையில் அமைந்தது. ஆவியை அதனால் சீராகத் தள்ள முடியாது. இயந்திரம் ஒரு கணம் இயங்கி உடனே அணைந்துவிடும். இது பழுதன்று, இயற்கையின் விளைவு. கையேட்டில் உள்ள சூடான இயந்திரத்துக்குரிய முறையைப் பின்பற்றினால் இது தீரும். காலையில் எளிதாகவும் நண்பகலில் கடினமாகவும் கிளம்பும் விமானத்தில் பாகங்களை மாற்றத் தொடங்குவதற்கு முன், தொடக்கும் முறை சரியா என்று பார்ப்பது பணத்தை மிச்சப்படுத்தும்.

பொறியைத் தேடி

சுழற்சியும் எரிபொருளும் சரியாக இருந்தால் அடுத்து நோக்க வேண்டியது தீப்பொறி. செருகிகளைக் கழற்றிப் பார்த்தால் அவை பல செய்திகளைச் சொல்லும். கரிய புகைப்படலம், பெட்ரோல் மிகுந்த கலவையைக் காட்டும். எண்ணெய்ப் பசை, தேய்ந்த பிஸ்டன் வளையங்களைக் காட்டலாம். சாம்பல் நிறச் சிறு மணிகள், பெட்ரோலிலுள்ள ஈயம் படிந்ததைக் காட்டும். சிலிண்டர்கள் படுத்த நிலையில் இருப்பதால், எண்ணெயும் படிவும் கீழ்ச் செருகிகளிலேயே அதிகம் சேரும். செருகியின் இரு முனைகளுக்கு இடையிலான இடைவெளி பொதுவாக 0.4 முதல் 0.5 மில்லிமீட்டர் வரை இருக்க வேண்டும். தேய்மானத்தால் இடைவெளி விரிந்தால், மெலிந்த பொறி அதைத் தாண்டாது. கைதவறிக் கீழே விழுந்த செருகியை மறுபடி பொருத்தக்கூடாது. வெளியில் தெரியாத விரிசல் அதன் உள்ளே இருக்கலாம்.

ஒழுங்கான சிந்தனை எவ்வாறு உதவுகிறது என்பதை ஓர் எடுத்துக்காட்டு விளக்கும். இட மேக்னெட்டோவில் மட்டும் சுருள்வில் இணைப்புள்ள ஒரு பயிற்சி விமானத்தைக் கருதுவோர் இதைக் காணலாம். விசிறி விரைவாகச் சுழல்கிறது; எரிபொருளும் தூய்மையாக உள்ளது. ஆனால், எவ்வளவு நேரம் சுழற்றினாலும் இயந்திரம் பற்றுவதில்லை. விமானி சலித்துப்போய்ச் சாவியை விடும் கணத்தில் இயந்திரம் பற்றிக்கொள்கிறது. தற்செயல்போல் தோன்றும் இந்த நிகழ்வு ஒவ்வொரு முறையும் நடக்கிறது.

இங்கே சாவியின் அமைப்பு விடையைத் தருகிறது. சாவியைத் தொடக்க நிலையில் பிடித்திருக்கும்போது, பின்னோக்கிய உதையைத் தவிர்ப்பதற்காக வல மேக்னெட்டோ தானாகவே முடக்கப்படுகிறது. இட மேக்னெட்டோ மட்டுமே பொறி தர வேண்டும். சாவியை விட்டதும் அது இரண்டும் இயங்கும் நிலைக்குத் திரும்புகிறது. விசிறியோ இன்னும் சற்றுச் சுழன்றுகொண்டிருக்கிறது. அப்போது இயந்திரம் பற்றுகிறது என்றால், பொறியைத் தந்தது வல மேக்னெட்டோ. அப்படியானால், தன் கடமையைச் செய்யாதது இட மேக்னெட்டோ.

அதில் எந்தப் பகுதி பழுதானது? இதற்கு மற்றொரு சோதனை உண்டு. இயந்திரம் ஓடும்போது இட மேக்னெட்டோவில் மட்டும் ஓடவிட்டுப் பார்க்க வேண்டும். இயந்திரம் அதிர்ந்து, வேகம் பெரிதும் குறைந்தால், பழுது கம்பிச் சுருளிலோ தொடு முனைகளிலோ கம்பிகளிலோ செருகிகளிலோ இருக்கிறது. மாறாக, வேகமாக ஓடும்போது இட மேக்னெட்டோ குறையின்றி இயங்கினால், அது மெதுவாகச் சுழலும்போது மட்டுமே தவறுகிறது என்பது தெளிவு. மெதுவான சுழற்சிக்கென்றே உள்ள பாகம் ஒன்றே ஒன்றுதான். அது சுருள்வில் இணைப்பு. செருகிக் கம்பிகளைக் கழற்றிவிட்டு விசிறியைத் திருப்பும்போது 'டிக்' ஒலி கேட்கவில்லை என்றால் ஐயம் உறுதியாகும். அதன் சிறு எடைகள் தேய்ந்திருக்கலாம். அழுக்கு ஒட்டி அசையாமல் இருக்கலாம். ஒரு பாகத்தையும் மாற்றாமல், இரண்டு சோதனைகளாலேயே பழுதின் இருப்பிடம் தெரிந்துவிடுகிறது.

அழுத்தத்தைக் கேட்டறிதல்

மேற்கூறிய அனைத்தும் சரியாக இருந்தும் இயந்திரம் சிரமப்பட்டால், சிலிண்டர்களின் அழுத்தத்தைச் சோதிக்க வேண்டும். சதுர அங்குலத்துக்கு 80 பவுண்டு அழுத்தத்தில் காற்றைச் சிலிண்டருக்குள் செலுத்தி, அதில் எவ்வளவு தங்குகிறது என்று அளப்பார்கள். 80இல் 75 தங்கினால் சிலிண்டர் நலமாக உள்ளது. மிகவும் குறைந்தால் காற்று எங்கோ கசிகிறது. எங்கே என்பதைக் காதே சொல்லும். புகைபோக்கிக் குழாயில் 'உஸ்' என்னும் ஒலி கேட்டால் கழிவு வால்வு கசிகிறது. காற்று நுழையும் வழியில் கேட்டால் நுழைவு வால்வு கசிகிறது. எண்ணெய் ஊற்றும் குழாயில் கேட்டால் பிஸ்டன் வளையங்கள் தேய்ந்துள்ளன. இந்தச் சோதனையின்போது காற்றின் விசையால் விசிறி திடீரென்று சுழலக்கூடும். ஆகவே, இதை இருவர் சேர்ந்தே செய்வர். ஒருவர் விசிறியை உறுதியாகப் பிடித்திருப்பார்.

இயங்கிய பின்னும் முடியாத வேலை

இயந்திரம் ஓடத் தொடங்கியதும் ஆய்வு முடிந்துவிட்டதாகக் கருதக்கூடாது. முதலில் எண்ணெய் அழுத்தத்தைக் காட்டும் கருவியைப் பார்க்க வேண்டும். 30 நொடிகளுக்குள் முள் நகராவிட்டால் இயந்திரத்தை நிறுத்திவிட வேண்டும். பின்னர், ஒவ்வொரு மேக்னெட்டோவாக அணைத்து, வேகம் எவ்வளவு குறைகிறது என்று பார்க்க வேண்டும். செஸ்னா 172எஸ் வகையின் கையேட்டின்படி, 1,800 சுழற்சி வேகத்தில் இக்குறைவு 150ஐத் தாண்டக்கூடாது. இரண்டுக்கும் இடையிலான வேறுபாடு 50ஐத் தாண்டக்கூடாது. வேகம் சிறிதும் குறையாவிட்டால் அது நற்செய்தியன்று. அணைத்ததாக நினைத்த மேக்னெட்டோ அணையவில்லை என்று அதற்குப் பொருள் இருக்கலாம். உயிரைப் பறிக்கக்கூடிய அந்த அறுந்த கம்பி இவ்வாறுதான் கண்டுபிடிக்கப்படுகிறது.

சூடான நிலையில் ஒருமுறை கிளம்பியது என்பதற்காகப் பழுது தீர்ந்ததாக முடிவு செய்யவும் கூடாது. சிக்கல் எந்தச் சூழலில் தோன்றியதோ அதே சூழலில் மறுபடி இயக்கிப் பார்க்க வேண்டும். ஒரே நேரத்தில் மூன்று பாகங்களை மாற்றினால் இயந்திரம் சரியாகிவிடலாம். ஆனால், எது காரணம் என்று யாருக்கும் தெரியாது. ஒவ்வொன்றாக மாற்றி, ஒவ்வொரு முறையும் சோதித்து, கண்டதைப் பதிவேட்டில் எழுத வேண்டும். உரிமம் பெற்ற பொறியாளர் கையொப்பமிட்ட பிறகே விமானம் பறக்கலாம். அந்தக் கையொப்பத்தை நம்பித்தான் முகம் தெரியாத ஒருவர் மறுநாள் விமானியின் இருக்கையில் அமர்கிறார்.

வானூர்தி வரலாற்றில் ரைட் சகோதரர்களின் பெயரை அறியாதவர் இல்லை. 1903 டிசம்பர் 17ஆம் நாள் பறந்த அவர்களின் விமானத்துக்கு இயந்திரம் செய்து கொடுத்தவர் சார்லி டெய்லர். ரைட் சகோதரர்களின் மிதிவண்டிக் கடையில் வேலை செய்த அந்தத் தொழில்நுட்பர், ஏறத்தாழ 12 குதிரைத்திறனுடைய நான்கு சிலிண்டர் இயந்திரத்தை ஆறே வாரங்களில் உருவாக்கினார். அவர் பிறந்த மே 24ஆம் நாளை அமெரிக்காவில் விமானப் பராமரிப்புத் தொழில்நுட்பர் நாளாகக் கொண்டாடுகின்றனர். பறப்பவரின் துணிவு எவ்வளவு பெரிதாயினும், தரையில் நிற்பவரின் பொறுமையும் நேர்மையும் இல்லாமல் அது வானத்தை எட்டாது. 'இன்னும் காரணம் தெரியவில்லை; இன்று பறக்க வேண்டாம்' என்று சொல்லத் துணிவதும் அந்த நேர்மையின் ஒரு பகுதியே.